ஜப்பான் பாட்டுக் கேட்கிற எங்கள் பிள்ளைகள்



இந்த இதழின் நடுப்பக்கங்களில் புதுக்குடியிருப்பைச் சேர்ந்த உயர்தர மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை வந்திருக்கிறது. ஜப்பானிய பொப் பாடல்களைப் பற்றிய கட்டுரை. எந்தப் பாட்டு எப்போது வெளிவந்தது, யார் எழுதினார், யார் இசையமைத்தார், தனக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று பந்தி பந்தியாக எழுதியிருக்கிறாள். அச்சுக்குப் போகுமுன் அதைப் படித்துப் பார்த்த மூத்த நண்பர் ஒருவர், "வன்னியில எழுத வேற விசயம் இல்லையே, தங்கச்சி?" என்று கேட்டார். அன்போடுதான் கேட்டார். குளங்கள் தூர்ந்து கிடக்கின்றன, பல இடங்களில் காணி இன்னும் விடுபடவில்லை, படித்த பிள்ளைகள் வேலை தேடி ஊரை விட்டுப் போகிறார்கள். இதற்குள் ஜப்பான் பாட்டு எதற்கு என்பது அவருடைய கவலை. அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நானும் இந்தப் பாடல்களை நெடுநாளாகக் கேட்டு வருகிறவள். ஆகவே என்னுடைய விருப்பு வெறுப்புகளும் தாராளமாகவே கலந்து வரும்.

முதலில், இந்தப் பாட்டுகள் எங்கள் வீடுகளுக்குள் எந்த வழியாக வந்தன என்று பார்ப்போம். பெரும்பாலும் அனிமே வழியாகத்தான். ரியூசன் முடிந்து வந்து, போனில் நருட்டோவும் வன் பீஸும் டீமன் ஸ்லேயரும் பார்க்கிற பிள்ளைகள் எங்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஏறக்குறைய 90 விநாடிக்கு ஒரு பாட்டு வரும். பார்த்துப் பார்த்து அந்த 90 விநாடியும் மனப்பாடமாகிவிடும். பிறகு ஒருநாள் முழுப்பாட்டைத் தேடுவார்கள். அங்கிருந்து அந்தப் பாடகரின் மற்றப் பாட்டுகளுக்குப் போவார்கள். இரண்டாவது வழி, வேலை. 2019 யூன் மாதம் இலங்கையும் ஜப்பானும் தொழிலாளர் தொடர்பாக ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன் பிறகு முதியோர் பராமரிப்பு வேலைக்கென்று மொழி படிக்கிறவர்கள் நாடு முழுவதும் பெருகினார்கள். மொழி வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குப் பாட்டு நல்ல துணை. ஜப்பானிய மொழியில் குறிலும் நெடிலும் எங்கள் மொழியைப் போலவே பொருளை மாற்றும். அந்த நீளத்தைக் காது பிடித்துக்கொள்ளப் பாட்டைப் போல உதவுவது வேறு ஒன்றில்லை.

மொழி விளங்காமல் பாட்டை ரசிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ரஜினிகாந்தின் 'முத்து' 1998இல் ரோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு திரையரங்கில் 23 வாரம் ஓடியது. ஏ.ஆர். ரகுமானின் மெட்டுகளை ஒரு சொல்லும் தெரியாத ஜப்பானியர்கள் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்கள். அவர்களில் சிலர் அதற்காகவே தமிழ் படிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கூடியது எங்கள் பிள்ளைகளுக்குக் கூடாதா?

இனிப் பாட்டுகளுக்கு வருகிறேன். புதிதாகக் கேட்கப் போகிறவருக்கு நான் முதலில் கொடுக்கும் பாட்டு 1961இல் வந்தது. பாடியவர் கியூ சகமொட்டோ. எழுதியவர் ரொகுசுகே எய், இசை ஹச்சிதாய் நக்கமுரா. 'அண்ணாந்து நடப்போம்' என்பதுதான் அதன் ஜப்பானியத் தலைப்பின் கருத்து. மேற்கு நாடுகளில் வெளியிட்டபோது, கேட்பவர்களின் வாயில் நுழைய வேண்டும் என்பதற்காக 'சுக்கியாக்கி' என்று ஓர் இறைச்சிக் கறியின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரோடு 1963 யூனில் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. அதற்கு முன் எந்த ஜப்பானியப் பாட்டும் அங்கே போனதில்லை. அதன் பிறகும் இன்றுவரை எந்த ஜப்பானியப் பாட்டும் அந்த இடத்துக்குப் போகவில்லை.

கேட்டால் உல்லாசமான பாட்டு மாதிரித்தான் இருக்கும். சைலபோன் துள்ளும், இடையில் சகமொட்டோ சீட்டியடிப்பார். உள்ளே இருப்பது வேறு. 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து ஜப்பானிய மாணவர்களும் தொழிலாளர்களும் இலட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. அந்தப் போராட்டத்தில் நின்ற எய், தோற்றுத் தனியே வீடு திரும்பிய இரவின் மனநிலையில் எழுதிய பாட்டு இது என்பார்கள். கண்ணீர் கீழே விழுந்துவிடக் கூடாது என்பதற்காக வானத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிற ஒருவனின் பாட்டு. அரசியல் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. அதனால்தான் அது எல்லோருடைய பாட்டாகவும் ஆனது என்று நினைக்கிறேன். சீட்டியடிக்கும் இடம் வரும்போது கவனித்துக் கேளுங்கள். சொல்லால் சொல்ல முடியாத கட்டம் வந்ததும் அந்த மனிதன் பாடுவதை நிறுத்திவிடுகிறான், ஆனால் நடப்பதை நிறுத்தவில்லை. சகமொட்டோ 1985 ஓகஸ்ட் 12இல், 520 பேரைப் பலிகொண்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் இறந்துபோனார். வயது 43. 2011 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஜப்பான் இந்தப் பாட்டை மறுபடி எடுத்துப் பாடியது.

ஆழிப்பேரலை என்ற இடத்தில் சற்று நிற்க வேண்டும். எங்கள் முல்லைத்தீவுக் கரைக்கு 2004 டிசம்பர் 26 என்றால் என்ன என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அது 2011 மார்ச் 11. 18,000க்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அடுத்த ஆண்டு என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனம் 'ஹன வா சக்கு' என்ற பாட்டை வெளியிட்டது. பூக்கள் பூக்கும் என்பது கருத்து. எழுதியவர் திரைப்பட இயக்குநர் ஷுன்ஜி இவாய், இசை யோக்கோ கன்னோ. இருவரும் பேரலை அடித்த மியாகி மாநிலத்தின் செண்டாய் நகரத்தில் பிறந்தவர்கள். பழைய அனிமே ரசிகர்களுக்குக் கன்னோவை 'கவ்போய் பீபொப்' இசையால் தெரிந்திருக்கும். அந்தத் தொடரில் ட்ரம்பெற்றும் சக்ஸபோனுமாக அதிரவைத்தவர், இங்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் பாடக்கூடிய மெட்டைப் போட்டிருக்கிறார். பாதிக்கப்பட்ட மாநிலங்களோடு தொடர்புள்ள பாடகர்களும் நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் ஆளுக்கொரு வரியாகப் பாடுகிறார்கள். ஒளிப்பதிவில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஜெர்பரா பூ. குரல் பழகாதவர்களின் பிசிறும் அப்படியே இருக்கிறது. அதைச் சரிசெய்து மெருகேற்றாமல் விட்டதுதான் இந்தப் பாட்டின் பெரிய அழகு.

இந்தப் பாட்டில் பேசுவது மிஞ்சியவர்கள் இல்லை, கடலோடு போனவர்கள். தாங்கள் எதை விட்டுச் சென்றோம், யாருக்காக இனிப் பூக்கள் பூக்கும் என்று அவர்கள் கேட்கிறார்கள். இது தெரியாமல் கேட்டால் ஓர் ஆறுதல் பாட்டு. தெரிந்து கேட்டால் எங்களால் இலேசில் கடந்து போக முடியாது. நாங்கள் நினைவேந்தல்களில் எப்போதும் போனவர்களை விளித்துப் பாடுகிறவர்கள். அவர்கள் எங்களை விளித்தால் என்ன சொல்வார்கள் என்று பாட்டெழுதிப் பார்த்திருக்கிறோமா? எங்கள் கவிஞர்கள் யாராவது அதை முயன்றால், அந்தப் பாட்டை அச்சிட இந்த இதழில் எப்போதும் இடம் இருக்கும்.

துயரப் பாட்டென்றால் கென்ஷி யொனெசுவின் 'லெமன்' பற்றியும் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்காக வந்தது. எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் யொனெசுவின் தாத்தா இறந்துபோனார். பாட்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பில்போர்ட் ஜப்பானின் ஆண்டுப் பட்டியலில் 2018, 2019 இரண்டு ஆண்டும் அதுதான் முதலிடம். இதில் மெட்டை விடவும் என்னைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன ஒலி. தாளத்துக்கு இடையே, தொண்டையில் விக்குவது போல ஒன்று வந்து வந்து போகும். முதல் முறை கேட்கும்போது ஏதோ கோளாறு என்று தோன்றும். பிறகு அது இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது. எங்கள் பக்கத்து ஒப்பாரி தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தையின் ஒப்பாரி வழங்கிய மண் இது. ஒப்பாரி சொல்கிற ஆச்சிமாருக்கு எந்த இடத்தில் சொல்லை நிறுத்தி விம்மலை விட வேண்டும் என்று தெரியும். அந்த விம்மல் தாளத்தில்தான் விழும். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்த தாய்மாரின் குரலைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கும் இது தெரியும். நல்ல பாட்டு எங்கே பிறந்தாலும், துயரத்தை இந்த அளவுக்கு உற்றுக் கேட்டுத்தான் பிறக்கிறது.

பழைய பாட்டு மறுபடி உயிர்பெற்ற ஒரு கதை. 1979 நவம்பர் 5ஆம் திகதி மிக்கி மட்சுபாரா என்ற 19 வயதுப் பெண்ணின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. தலைப்பின் கருத்து 'நள்ளிரவுக் கதவு'. எழுதியவர் யொஷிக்கோ மியுரா, இசை ரெட்சுஜி ஹயாஷி. அந்தக் காலத்தில் ஓரளவு நன்றாகப் போன பாட்டுத்தான். மட்சுபாரா 2004இல், 44 வயதில், நோயில் காலமானார். 2020இல் ரெய்னிச் என்ற இந்தோனேசியப் பெண், தலையில் முக்காடு அணிந்து, அந்தப் பாட்டை ஜப்பானிய மொழியிலேயே பாடி யூரியூப்பில் போட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்பொட்டிஃபையின் உலகளாவிய வைரல் பட்டியலில் மட்சுபாராவின் பழைய பதிவு முதலிடத்துக்கு வந்தது. டிக்டொக்கில் பிள்ளைகள் தங்கள் ஜப்பானியத் தாய்மாருக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். சமையலறையில் நின்ற தாய்மார் முதல் ஒலியிலேயே திகைத்து நின்று, பிறகு பாடத் தொடங்கினார்கள். பாடியவர் உயிரோடு இல்லை. ஆனால் பதிவு இருந்தது, எழுதியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் பதிவோடு இருந்தன. அதனால்தான் 41 ஆண்டுக்குப் பிறகும் உரியவர்களுக்கு உரியது போய்ச் சேர்ந்தது.

பாட்டைக் கேட்பதற்காக என்ன பாடுபட்டோம் என்பது எங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். போர்க்காலத்தில் மின்சாரம் இல்லை, பற்றறி தடைசெய்த பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் வானொலி கேட்டோம், கசெற் கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் பாடகரின் குரலும் களைத்துக் கீழே இறங்கும். "சுத்தடா" என்று உள்ளே இருந்து சத்தம் வரும். ஆள் மாறி ஆள் சுற்றி, ஒரு பக்கம் முழுக்கக் கேட்டு முடிப்போம். ஸ்பொட்டிஃபை 2021இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது; இன்று விரலால் தொட்டால் பாட்டு. கேட்கும் வசதி இவ்வளவு வந்த பிறகு, கேட்கும் கவனம் குறையக் கூடாது என்ற ஆசை எனக்கு உண்டு. புதுக்குடியிருப்புப் பிள்ளையின் கட்டுரையில் நான் கண்டது அந்தக் கவனத்தைத்தான்.

அவளுக்கு மிகவும் பிடித்தவர்கள் யொஅசோபி. அயசே என்பவர் எழுதி இசையமைக்க, இக்குரா பாடுகிற இருவர் குழு. இவர்களுடைய வழி, சிறுகதையைப் பாட்டாக்குவது. முதலில் கதை, பிறகு பாட்டு. ஒரு சிற்றிதழின் ஆசிரியருக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி வேறென்ன இருக்க முடியும்! 2023 ஏப்ரலில் வந்த 'ஐடல்' என்ற பாட்டுக்கே, 'ஒஷி நோ கோ' கதையின் மூல ஆசிரியர் அக்கா அக்கசக்கா ஒரு தனிச் சிறுகதை எழுதிக் கொடுத்தார். அமெரிக்காவைத் தவிர்த்த உலகப் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ஜப்பானியப் பாட்டு அது. ஒரு நட்சத்திரப் பாடகியின் முகத்தையும் முகமூடியையும் பாட்டே மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ராப், கோரஸ், கோயில் இசை போன்ற ஓர் இருண்ட பகுதி என்று தாவிக்கொண்டே போகிறது. இக்குராவின் குரல் எந்தத் தாவலிலும் தடுமாறுவதில்லை. திறமை என்றால் அது திறமைதான். இருந்தாலும் எனக்கு அதைவிட நெருக்கமானது 2020இல் வந்த 'குன்ஜோ'. படம் வரையத் தொடங்குகிற ஒரு பள்ளிக்கூடப் பையனின் கதையிலிருந்து பிறந்த பாட்டு. தனக்குப் பிடித்ததைப் பிடிக்கும் என்று வெளியே சொல்லப் பயப்படுகிற வயதை அது தொடுகிறது. கூட்டுக்குரல் எழும்புகிற இடத்தில் அந்தப் பயம் விடுபடுவதைக் கேட்கலாம். வைத்தியரா, பொறியியலாளரா என்று இரண்டே கேள்விக்குள் வளர்கிற எங்கள் பிள்ளைகள் கேட்க வேண்டிய பாட்டு.

ஆனால் இதே குழுவை உலகுக்குக் காட்டிய முதல் பாட்டு, 2019 டிசம்பரில் வந்த 'யொரு நி கக்கெரு', அதைப் பற்றி எனக்கு மனக்குறை இருக்கிறது. 2020இல் இறுவட்டே இல்லாமல் ஜப்பானின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் வந்த பாட்டு. பியானோ ஓட்டம் அவ்வளவு துடிப்பு. அதன் மூலக்கதை தற்கொலையைப் பற்றியது. துடிப்பான மெட்டுக்குள் அதை வைத்தது கலைநயமான முடிவு என்று பலர் பாராட்டுகிறார்கள். வன்னியில் இருந்து அதைக் கேட்கிற எனக்கு அந்தப் பாராட்டு வாயில் வர மறுக்கிறது. எங்கள் ஊர்களில் எத்தனை வீடுகள் இளம் பிள்ளைகளை இப்படி இழந்திருக்கின்றன என்று தெரிந்த எவருக்கும் இது தோன்றும். சாவை இனிமையான அழைப்பாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டுரை எழுதிய பிள்ளைக்கு இதில் வேறு கருத்து. அவள் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்தவரிடம் வருகிறேன். ஃபுஜி கசே. ஒக்கயாமா மாநிலத்தில் சத்தோஷோ என்ற சிறிய ஊரில் 1997இல் பிறந்தவர். 12 வயதில், தகப்பனின் கோப்பிக் கடையில் இருந்து பியானோ வாசித்து யூரியூப்பில் போடத் தொடங்கினார். 2020இல் முதல் அல்பம், 2022இல் இரண்டாவது. முதலாவதின் பெயர் 'ஹெல்ப் எவர் ஹேர்ட் நெவர்', இரண்டாவதின் பெயர் 'லவ் ஓல் சேர்வ் ஓல்'. எங்கள் ஊர்களில் சாயி பஜனைக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று உடனே விளங்கும். புட்டபர்த்தி சத்திய சாயி பாபாவின் வாசகங்கள்தாம். ஒரு ஜப்பானியப் பாடகர் தன் அல்பத்துக்கு இப்படிப் பெயர் வைத்ததை அங்கே சிலர் கேள்வி கேட்டார்கள். தன் ரசிகர்களுக்கு இதை முதலிலேயே திறந்து சொல்லியிருக்கலாம் என்பது அவர்களுடைய வாதம். அதில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். அதே 2022இல் 'கிரேஸ்' என்ற பாட்டின் ஒளிப்பதிவுக்கு அவர் இந்தியாவுக்கே வந்து போனார்.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் அது எதுவும் இல்லை. அவர் தன் ஊர்ப் பேச்சில் பாடுகிறார். ரோக்கியோ மொழியில் பாடினால்தான் நாகரிகம் என்று எல்லோரும் இருந்த இடத்தில், ஒக்கயாமாக் கிராமத்தில் வயதானவர்கள் கதைக்கிற மாதிரியான சொற்களை வைத்து, அதன் மேல் கறுப்பின மக்களின் ஆர் அன்ட் பி தாளத்தைப் போட்டார். 2019இல் வந்த அவருடைய முதல் பாட்டே அப்படித்தான். முதல் அல்பத்தில் இருக்கும் 'ஷினுனொக ஈவா' 2022இல் தாய்லாந்தில் பிடித்து உலகம் முழுக்கப் பரவியது. தாய்லாந்துப் பிள்ளைகளுக்கு ஒக்கயாமாப் பேச்சு தெரியுமா? தெரியாது. பேசுகிறவன் தன் சொந்த நாக்கால் பேசுகிறான் என்பது மட்டும் கேட்டிருக்கும். எங்கள் பக்கத்துப் பாடகர்களைக் கேளுங்கள். அருமையான குரல்கள். ஆனால் ஒலிவாங்கி முன்னால் போனதும் சென்னைத் தமிழ் வந்துவிடுகிறது. வீட்டில் "ஓமணை, வாறன்" என்கிற பெடியன், பாட்டில் சினிமாக் கதாநாயகனாக மாறிவிடுகிறான். அரிவு வெட்டுப் பாட்டும் பண்டிப் பள்ளும் குருவிப் பள்ளும் வழங்கிய வன்னிப் பேச்சில் ஒரு புதிய பொப் பாட்டு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வந்தால் முதல் ஆளாக நானே எழுதுவேன்.

அடுத்தவர் அடோ. இவரைப் பற்றி எழுதுவது எங்கள் பெண் பிள்ளைகளுக்காக. 2020 ஒக்டோபரில் 'உஸ்ஸேவா' வந்தபோது அவருக்கு 17 வயது. எழுதியவர் ஷுதோ. தன் வீட்டு உடுப்பு அலுமாரிக்குள் இருந்து பாடிப் பதிவுசெய்யப் பழகியவர் அடோ. அவருடைய முகத்தை ரசிகர்கள் பார்த்ததில்லை. மேடையில் நிழலுருவமாகத்தான் நிற்பார். 2024 ஏப்ரலில் ரோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் இரண்டு நாள் பாடினார். தனியாக அங்கே நிகழ்ச்சி நடத்திய முதல் பெண் பாடகர் அவர். அந்தக் குரல் உறுமும், கிழியும், சட்டென்று குழந்தைபோல் ஆகும். 'உஸ்ஸேவா' ஒரே ஆத்திரமாக இருக்கிறது என்று குறைசொல்பவர்கள் உண்டு. நல்ல பிள்ளையாக இரு, தலையாட்டு, வாயை மூடு என்று கேட்டே வளர்ந்த ஒருத்தியின் ஆத்திரம் அது. எனக்கு அதில் குறை தெரியவில்லை.

எங்கள் ஊர்களில் பாடுகிற பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! பள்ளிக்கூட மேடையோடும் கோயில் திருவிழாவோடும் அந்தக் குரல்கள் நின்றுவிடுகின்றன. முகத்தைப் போட்டால் ஊர் என்ன சொல்லும், யார் என்ன எழுதுவார்கள் என்று வீட்டில் பயம். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. கீழே வருகிற பின்னூட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகம் காட்டாமல் பாடலாம், பெயரை மாற்றி வைத்துக்கொள்ளலாம், அலுமாரிக்குள் இருந்தும் பதிவுசெய்யலாம் என்று அடோ காட்டியிருக்கிறார். ஜப்பானில் இதற்கு ஒரு பாதை ஏற்கெனவே இருந்தது. 2007இல் சப்போரோவில் ஒரு கொம்பனி ஹட்சுனே மிக்கு என்ற கணினிக் குரலை வெளியிட்டது. பாட ஆள் இல்லாத இளைஞர்கள் தங்கள் அறைக்குள் இருந்தே பாட்டெழுதி, அந்தக் குரலால் பாடவைத்தார்கள். யொனெசுவும் அயசேயும் ஷுதோவும் அந்த வழியில் வந்தவர்கள். அந்தப் பாட்டுகளைத் தம் குரலில் பாடிப் பழகியவர்களில் ஒருத்திதான் அடோ. கலையரங்கம் கட்டித் தரும்வரை காத்திருக்காத ஒரு தலைமுறை.

ஜப்பானிய இசையுலகில் பிடிக்காததும் உண்டு. ஏகேபி48 போன்ற குழுக்களின் இறுவட்டுக்குள் கைகுலுக்கும் சீட்டையும் வாக்குச் சீட்டையும் வைத்து விற்றார்கள். ஒரே இறுவட்டை ஒருவரே பத்து, இருபது என்று வாங்கினார்கள். இசைக்கு அதில் என்ன வேலை? இன்னொன்று, பல ஆண்டுகளாக ஜப்பானிய வெளியீட்டாளர்கள் யூரியூப்பில் பாதிப் பாட்டைத்தான் போட்டார்கள். முழுப்பாட்டை வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்க வழி இருக்கவில்லை. அந்தக் கதவு திறந்த பிறகுதான் பாட்டு கிளிநொச்சி வரை வந்தது.

ஆனால் ஒரு பழக்கத்துக்காக அவர்கள் எல்லோரையும் கும்பிடத் தோன்றுகிறது. ஜப்பானில் ஒரு பாட்டு வெளிவந்தால், பாடகரின் பெயரோடு மூன்று பேர் பெயர் கட்டாயம் இருக்கும்: எழுதியவர், மெட்டமைத்தவர், வாத்திய ஒழுங்கு செய்தவர். டிசம்பர் 31 இரவு என்.எச்.கே.யில் நடக்கிற கொஹக்கு பாட்டு விழா 1951இல் தொடங்கியது. அதைப் பார்த்தால், ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் திரையில் எழுத்தில் வரும். வரிகளும் கூடவே ஓடும். நாடே பார்க்கிற நிகழ்ச்சியில் கவிஞருக்கு அந்த இடம்.

இது எங்களுக்குப் புதிதா? இல்லவே இல்லை. இலங்கை வானொலியின் பொற்காலத்தில் ஒரு பாட்டுப் போகுமுன் படத்தின் பெயர், இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர்கள் என்று அறிவிப்பாளர் சொல்லிவிட்டுத்தான் போடுவார். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்றோர் குரலில் அதைக் கேட்டே எங்கள் பெற்றோர் கவிஞர்களின் பெயரைப் படித்தார்கள். தமிழ்நாட்டு ரசிகர்களே அந்த வானொலியைத் திருப்பி வைத்துக் கேட்டார்கள். அந்த ஒழுங்கு இன்று எங்கே போனது? உரும்பிராயில் பிறந்த நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' இல்லாமல் எங்கள் கலியாண வீடுகள் முடிவதில்லை. அவர் பெயர் அங்கே ஆடுகிற எத்தனை பேருக்குத் தெரியும்? 'சுராங்கனி'யை இந்தியாவரை கொண்டுபோன ஏ.ஈ. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று நாங்கள் கொண்டாடிய மனிதர். ஈழத்துப் பொப்பிசை இசைத்தட்டுகள் எவை, எந்த ஆண்டு வந்தன, கித்தார் வாசித்தவர் யார், பொங்கோஸ் அடித்தவர் யார் என்று ஒரு முழுமையான பட்டியல் எங்கள் பிள்ளைகள் கைக்குக் கிடைக்க வேண்டாமா? இன்று வன்னியில் இருந்து யூரியூப்பில் வருகிற பாட்டுகளைப் பாருங்கள். நடித்தவர் பெயர் இருக்கும், ட்ரோன் கமெரா பிடித்தவர் பெயர் இருக்கும், அனுசரணை தந்த கடையின் பெயர் பெரிதாக இருக்கும். எழுதியவரைத் தேடினால் பல பாட்டுகளில் கிடைக்காது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

என் மூத்த நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஜப்பான் பாட்டைப் பற்றி எழுதிய பிள்ளை, ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயரைத் தேடிப்பிடித்து எழுதியிருக்கிறாள். மொழி தெரியாத பாட்டுக்கே அவ்வளவு மரியாதை செய்யத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு எங்கள் பாட்டுகளையும் அப்படியே எழுதுவாள். அவளிடம் அதற்குள் ஒரு வேலையைக் கொடுத்தும் விட்டேன்.

அடுத்த இதழிலிருந்து 'பாட்டுப் பக்கம்' என்று இரண்டு பக்கங்கள் ஒதுக்குகிறோம். புதிதாக வந்த பாட்டோ பழைய பாட்டோ, வவுனியாவில் பதிவானதோ ஒக்கயாமாவில் பிறந்ததோ, நீங்கள் கவனித்துக் கேட்ட ஒரு பாட்டைப் பற்றி 400 சொற்களுக்குள் எழுதுங்கள். எழுதியவர், மெட்டமைத்தவர், வாத்திய ஒழுங்கு, பாடியவர், ஆண்டு ஆகிய ஐந்தும் தலைப்புக்குக் கீழே இருக்க வேண்டும். தெரியாவிட்டால் விசாரித்து எழுதுங்கள், பாடியவர்களிடமே கேளுங்கள். பிடித்திருந்தால் எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் எந்த இடத்தில் தவறியது என்று சொல்லுங்கள். ஆளைத் தாக்குகிற எழுத்து வேண்டாம். பெண் பிள்ளைகள் புனைபெயரில் எழுதலாம். பெயர் எங்களோடு இருக்கும். பாடுகிறவர்கள் தங்கள் சொந்தப் பாட்டைப் போனில் பதிந்து அனுப்பினாலும் கேட்டுக் கருத்து எழுதுவோம். முகம் தேவையில்லை, குரல் போதும்.

முதல் பாட்டுப் பக்கத்தில் வரப்போவது 'சின்ன மாமியே'. எழுதிக்கொண்டிருப்பவள் அந்தப் புதுக்குடியிருப்புப் பிள்ளைதான். அந்தப் பாட்டின் பழைய இசைத்தட்டையோ, அதன் உறையையோ பத்திரமாக வைத்திருக்கிற வாசகர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அவளுக்கு அது பேருதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்
கிளிநொச்சி